எதிரெதிரே இரண்டு விமானம்

மாலேயிலிருந்து கான் தீவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். நடுவில் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், அத்தனையும் கடல். மாலத்தீவின் தலைநகரான மாலே, என் மகள் ப்ரியா நர்ஸாக இருக்கும் ஊர். தெற்குக் கோடியில் இருக்கிற கானில் என் வீட்டுக்காரர் சின்னதுரை ஒரு ஓட்டலின் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறார். மகளோடு கோபித்துக்கொண்டு போனவருக்கு உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையாம், அவள் இருக்கிற நாட்டுக்கே போனார்.

சண்டை ஒரு வார்த்தையால் வந்தது. நான் நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் என் பேரில். அவர் கடைசிவரை மைன்ஸில் கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். ஏதோ பேச்சில் ப்ரியா, "நீங்க கான்ட்ராக்ட்தானேப்பா, அம்மாதானே பெர்மனென்ட்" என்று சொல்லிவிட்டாள். இந்த ஊரில் அதைவிடச் சுருக்கென்று தைக்கிற வார்த்தை கிடையாது. அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷமாக ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம் விசாரிப்பதோடு சரி. நடுவில் கிடந்து என் மனசு படுகிற பாடு இரண்டு பேருக்கும் தெரியாது.

நேற்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "தாமரை, நாளைக்குக் காலைல ஃப்ளைட்டு ஏறிப் போயி புள்ளையப் பாத்துட்டு வர்லாம்னு இருக்கேன். அவகிட்ட சொல்லிடாத." கொஞ்ச நேரத்தில் ப்ரியா கூப்பிட்டாள். "அம்மா, நாளைக்குக் காலைல கான் போறேன். அப்பாகிட்ட சொல்லிடாதம்மா."

சொல்லியிருக்கலாம். ஒருவரையாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் நின்றவர், 'நீதானே முதல்ல வந்தே' என்று ஆயுசுக்கும் மார்தட்டிக்கொள்வார். அப்பனும் மகளும் வீம்பில் ஒரே அச்சு. நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். அனல்மின் நிலையத்துப் புகை மெல்ல மேலே போய், எது புகை எது மேகம் என்று தெரியாமல் கலந்துகொண்டிருந்தது. எங்கள் ஷிஃப்ட் பஸ்கள் எதிரெதிரே வந்தால் டிரைவர்கள் ஓரங்கட்டி நிறுத்தி இரண்டு வார்த்தை பேசுவார்கள். ஜன்னல் வழியே டிபன் டப்பாகூடக் கைமாறும். விமானமும் அப்படித்தான் என்று தோன்றிவிட்டது எனக்கு. கடலுக்கு மேலே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ப்ரியா ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். அவர் கையை நீட்டினார். கீழே தண்ணீர் நீலமாக, சத்தமே இல்லாமல் கிடந்தது. என் பஸ் வந்து போனதைக்கூட நான் பார்க்கவில்லை.

போன் அடித்தது. ப்ரியா அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, அப்பா இங்க இல்ல. மாலே போயிட்டாராம்." அதற்குள் அவரும் கூப்பிட, இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிட்டேன்.

"எங்கம்மா இருக்க?" என்றார்.

"உங்க ஊர்லப்பா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"இருங்கப்பா, நான் அடுத்த ஃப்ளைட்ல திரும்பிடறேன்."

"நீ இரு, நான் வரேன்."

எனக்கு வந்ததே கோபம். "ரெண்டு பேரும் ஏறினா மறுபடியும் நடுக்கடல்லதான் தாண்டிப் போவீங்க! யாராவது ஒருத்தர் நில்லுங்க!"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீயே வா கண்ணு. நான் இங்கியே குந்திகினு இருக்கேன். நீ வர்ற வரைக்கும் அப்பா இங்க பெர்மனென்ட்டு."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதும், பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் ஓவென்று அழுதுவிட்டேன்.