தொடக்கூடாத செங்கல்

அந்தத் தெருவில் ஒரு கொத்தனார் வீட்டுக்குத்தான் சுவர் இல்லை. கேட்டால் சிரிப்பு வரும், தெருவே சிரித்தது. போன மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் பின்பக்கச் சுவரைத் தள்ளிவிட்டுப் போனது. இந்த மழைக்காலமும் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் இன்னும் நீலத் தார்ப்பாய்தான் படபடத்துக்கொண்டிருந்தது. மனிதர் ஊரார் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்பிவிட்டு, சாயங்காலம் தன் வீட்டுக்குள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நுழைவார். வாசலில் புதுச் செங்கல் அடுக்கியபடியே கிடந்தது.

"கொத்தனாரே, செங்கல்லை என்ன, அடைகாக்க வச்சிருக்கீங்களா?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்காத நாளே இல்லை.

பாவம், அவர் என்ன செய்வார்? தொடக்கூடாது என்று சொன்னது அவர் பெண்டாட்டியின் அக்கா. சாதாரண அக்காவா அவள்? அரசாங்க நிவாரணப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெள்ளத்தில் இடிந்த வீடுகளைச் சீரமைக்க மானியம் வரப்போகிறது என்றதும் ஒரு குழு அமைத்து, அவளைத்தான் செயலாளராக உட்கார வைத்தார்கள். ரூல்ஸ் அக்கா என்று பட்டப்பெயர். கேட்டால் முறைப்பாள்; உள்ளுக்குள் பெருமைதான்.

"இன்ஜினியர் வந்து கண்ணால பாக்கற வரைக்கும் இடிஞ்சது இடிஞ்சபடியே இருக்கணும். ஒரு செங்கல்லை அசைச்சாலும் மானியம் கிடையாது, ஆமா!" என்று முதல் கூட்டத்திலேயே அடித்துச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கடனோ உடனோ வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று நின்றது தங்கச்சி ஒருத்திதான். சின்ன வயதிலிருந்து ரிப்பன் வாங்குவதற்குக்கூட அக்காவைக் கேட்டே பழகியவள்.

மழை பிடித்தபோது அந்தத் தங்கச்சியும் ஒரு தடவை வாய் திறந்தாள். "ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுச் சொல்லேன்க்கா. பாப்பாவுக்கு இருமல் விடவே மாட்டேங்குது."

"எனக்கே நீ சட்டம் சொல்லித் தர்றியா? நான் பாக்காத மானியமா?"

அக்கா சொன்னது பொய்யில்லை. அவள் காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. இப்போதும் அப்படியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரை அதட்டினாளோ, அதே மேஜைக்கு முன்னால் போய் நின்று கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். வெறும் தலைக்கனம்!

ஒருவழியாக இன்ஜினியர் வந்தார். அக்கா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முதல் வீட்டில் போட்டோவைப் பார்த்தார், புதுச் சுவரைத் தட்டினார், "சரி, மானியம் வந்துடும்" என்றார். அடுத்த வீட்டிலும் அதேதான். மளிகைக்கடைக்காரருக்கும் அதேதான். முன்னால் நடந்த அக்கா இப்போது பின்தங்கினாள்.

கொத்தனார் வீட்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னங்க இது, இன்னும் கட்டலையா? போட்டோ எடுத்துட்டுக் கட்ட வேண்டியதுதானே?"

இடிந்த இடத்தை ஒட்டிய சுவரிலும் மேலிருந்து கீழ்வரை விரிசல். அதில் கையை வைத்தார். "இது வெள்ளத்துல போனதில்ல. கட்டாம விட்டதால மழையில ஊறிப் போனது. வீட்டுக்காரர் அலட்சியம்னுதான் எழுதணும். இந்தச் சுவருக்கு மானியம் வராது."

தங்கச்சி அக்காவைப் பார்த்தாள். அதற்குள் கொத்தனார் முந்திக்கொண்டார். "எனக்குத்தாங்க நேரமே கிடைக்கல. ஊர் வேலைக்கே பொழுது சரியாப் போச்சு."

"கொத்தனாரே இப்படியா?" இன்ஜினியர் சிரித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லிப் பார்த்தேன் சார். கேட்டாத்தானே?"

எப்படி வந்தது அந்த வார்த்தை? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. உள்ளே பாப்பா இருமினாள். இன்ஜினியர் எழுதி முடித்துக்கொண்டு வெளியே போனார்.

பிறகு கொத்தனார், மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். "அண்ணி, அதான் இன்ஜினியர் பாத்துட்டாரே. இப்ப செங்கல்லைத் தொடலாமா?"

குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை, நிஜமாகவே கேட்கிறார். இப்போதும் அவள் உத்தரவுக்காகவே நிற்கிறார் மனிதர். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. ஃபைலைத் தரையில் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினாள்.

"சார்! சார், நில்லுங்க!"

மளிகைக்கடை வாசலில் நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவளுக்கு மூச்சு இரைத்தது, முகம் எரிந்தது.

"அவர் மேல தப்பில்ல சார். கட்டக்கூடாதுன்னு தடுத்தது நான்தான். பழைய சட்டத்தை நம்பிச் சொல்லிட்டேன். ஆபீஸ்ல கேளுன்னு தங்கச்சி சொன்னா, அதையும் கேக்கல."

"சொல்லிப் பார்த்தேன்னீங்களே?"

"பொய் சொன்னேன் சார்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "குழு தப்பாச் சொன்னதுன்னு நீங்களே கைப்பட எழுதிக் கொடுங்க. மேல அனுப்பிப் பாக்கறேன். கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. உங்க பதவியும் போகும், தெரியுதுல்ல?"

"போகட்டும் சார்."

மளிகைக்கடைப் பெட்டியின் மேலேயே வைத்து எழுதினாள். கடைக்காரர் பேனா கொடுத்தார். வாயாடி மனுஷன், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்தபோது கொத்தனார் செங்கல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, நீங்க ஒண்ணும் சொல்லலியே. தொடலாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தங்கச்சி வந்தாள். கத்தவில்லை, அழவும் இல்லை. மேல்வரிசையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள்.

"அவளை எதுக்குக் கேக்கறீங்க? கட்டுங்க."

கொத்தனார் தார்ப்பாயை அவிழ்க்கப் போனார். தங்கச்சி செங்கல் சுமக்க ஆரம்பித்தாள். அக்கா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு, யாரும் கூப்பிடாமலே, குனிந்து இரண்டு செங்கல்லை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். எங்கே வைப்பது என்று தங்கச்சியைக் கேட்டாள்.