கொடுவா கடித்த மரம்

கழிமுகப் பாலத்தை ஒட்டிய தூண்டில் கடை அவளுடைய அப்பாவுடையது. ரீல்களும் நைலான் நரம்புச் சுருள்களும் ஈயக் குண்டுகளும் அவர் வைத்த இடத்திலேயே இன்னும் இருந்தன. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த அவள் கணவன் அதில் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். வாசலுக்கு நேரே ஒரு கம்பியில் தொங்கிய மரமீன்கள். மென்மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, வயிற்றடியில் முள் கோத்து அவனே செய்த பொய்யிரைகள். வருஷக்கணக்காக ஒரு மீன்கூட அவற்றைச் சீண்டவில்லை. "ஷோகேஸ்ல வெச்சா அழகா இருக்கும்ணே" என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்து முடித்த பிறகு அந்த முகம் எப்படி ஆகும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இந்தப் பருவத்தில் கொடுவா மீன் அவற்றைக் கடிக்க ஆரம்பித்தது. வீசியவர்களுக்கெல்லாம் மீன். கடை வாசலில் ஆள் நின்றது. காலையில் அவன் விசிலடித்துக்கொண்டே சவரம் செய்தான். அவனுக்கு விசிலடிக்க வரும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

பிடித்தவர்களின் மீனை அரிந்து கொடுப்பது அவள் வேலை. இரைப்பையைக் கீறிப் பார்ப்பது அப்பா காலத்துப் பழக்கம். மீன் என்ன தின்கிறதோ அதற்கேற்ற இரையை விற்கலாம். இப்போது கீறினால் ஒன்றுமில்லை. இறால் ஓடு இல்லை, பொடிமீன் முள் இல்லை. வெறும் பை நனைந்த காகிதம் போல விரலில் ஒட்டியது. மீனின் தலை மட்டும் பெரிதாக, முதுகு கத்தி போல இருந்தது.

உயிர் இறால் கொண்டுவரும் அக்கா வெறும் வாளியோடு வந்து உட்கார்ந்தாள். மேலே வயல்களில் பூச்சி விழுந்து எல்லோரும் ஒரேயடியாக மருந்தடித்தார்களாம். உடனே மழை பிடித்துக்கொள்ள, மதகைத் திறந்துவிட்டார்களாம். கரையோரம் நுரை மாதிரி வெள்ளையாக ஒதுங்கியதை அள்ளிப் பார்த்தபோதுதான் அது குஞ்சு இறால் என்று தெரிந்ததாம்.

"பெரிய மீனை அந்த மருந்து கொல்லலடி. அதோட சோத்துல கை வெச்சிடுச்சு."

அன்று மதியம் பாலத்தடிக்குப் போய், முள்ளோடு ஒரு துணிக் கிளிப்பைக் கட்டி வீசினாள். கடித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ரீலைச் சுற்றினாள். நரம்பு விர்ரென்று இழுத்தது. நீலப் பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டு வந்த மீனை முள்ளெடுத்துத் தண்ணீரில் விட்டாள். அது ஓடவில்லை. இன்னும் ஏதோ கிடைக்கும் என்பது போல அவள் காலருகே நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. மீனுக்காகவா, அவனுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். இருந்தால், மிஞ்சிய மீன்களும் முட்டையிடுவதற்குள் பிடிபட்டுவிடும். சொன்னாலோ, அவனுக்கென்று இருக்கும் ஒன்றும் போய்விடும்.

அவள் திரும்பியபோது அவன் புது மரமீன் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"செவப்புத் தலைன்னா விடவே மாட்டேங்குது. ஏன்னுதான் யோசிக்கிறேன்" என்றான்.

"துணிக் கிளிப்பையும் விடலைங்க. வயித்துல ஒண்ணுமே இல்ல அதுக்கு."

மற்றதையும் சொன்னாள். அவன் கை நிற்காமல் தேய்த்தது. பிறகு நின்றது.

"பருவம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே நீ."

 

வாசலில் ஒருவர் வந்து, செவப்புத் தலை ரெண்டு வேண்டுமென்றார். அவன் எழுந்து போய், மீன் பசியில் கடிக்கிறது, கொஞ்ச நாளைக்குப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னான்.

"பசியில்லாம யாருண்ணே கடிப்பாங்க? எடுங்கண்ணே, வெயில் ஏறுது."

அவன் கம்பியைப் பார்த்தான். பிறகு அவளை.

"கடை அவங்க அப்பாவோடது. அவங்களைக் கேளுங்க."

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வராத வார்த்தை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"விக்கிறதுக்கு இல்லைங்க" என்றாள்.

வந்தவர் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கியவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே போனார். அவன் குனிந்து, தரையில் கிடந்த மரத்தூளை உள்ளங்கையால் கூட்டிச் சேர்த்தான். அவள் முறத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.