நாலு மணிப் புகை

"கல்யாணப் புடவையில சிகரெட்டு வாடை அடிக்குதுன்னு மூணாவது தடவையா திருப்பிட்டாங்க கண்ணகி. உங்க வீட்டுக்காரரு பிடிக்கிறாரா?"

"அவரு பாக்குகூட போடமாட்டாருங்க."

"அப்ப யாரு ஊதிகினு இருக்கறது? பேஜாரா போச்சு. இந்தா, இது முகூர்த்தப் புடவை. இது ஒண்ணு வாடையில்லாம வந்தா உனக்கு வேல உண்டு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். எட்டாம் நாள் நாலேகாலுக்கு வரேன்."

கடைக்கார மணவாளன் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனார். முந்தானை நூலைப் பிரித்துக் குஞ்சம் முடிவதுதான் கண்ணகியின் பிழைப்பு. பட்டு எந்த வாடையையும் குடித்துக்கொள்ளும். வெயிலில் போட்டு ஆற்றலாம் என்றால் சாயம் வெளுக்கும்.

யார் ஊதுகிறார்கள் என்று மணவாளனிடம் எப்படிச் சொல்வாள்? ஊதினவர் செத்து ஒரு மாதம் ஆகிறது.

கீழ் வீட்டு குப்புராஜ் தினமும் நாலு மணிக்குக் குளியலறையில் நின்று பிடிப்பார். அந்தப் புகை ஜன்னல் வழியாக நேரே மேலே ஏறி இவள் வீட்டுக்குள் வரும். கார்த்திகையில் ஒருநாள் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "அண்ணே, மொட்டை மாடிக்குப் போய்ப் பிடிங்க. என் பொழப்பு கெடுது." அவரும் அன்றிலிருந்து மூன்று மாடி ஏறினார். மாசியில், காயப்போட்ட துணியை எடுக்கப் போன கண்ணகிதான் அவரைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக விழுந்துகிடக்கப் பார்த்தாள். விரலிடுக்கில் பாதி சிகரெட் அணைந்துகிடந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். யாரும் கண்ணகியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இப்போது மறுபடியும், சரியாக நாலு மணிக்கு, அதே ஜன்னல் வழியாக அதே வாடை.

அன்று சாயங்காலம் துணிந்து கீழே இறங்கினாள். குப்புராஜின் மனைவி பொன்னம்மாள் கதவைத் திறந்தாள்.

"வா கண்ணகி, உக்காரு. அவரு பிடிச்சிகினு இருக்காரு."

குளியலறை வாசலில் ஒரு முக்காலி. அதில் குப்புராஜின் படம். முன்னால் ஒரு டம்ளர் அரிசி, அதில் ஊதுவத்தி மாதிரி நட்டுவைத்த சிகரெட். சாம்பல் உதிராமல் நீண்டிருந்தது.

"தெனமுமா படைக்கிறீங்க அக்கா?"

"வருசம் திரும்பற வரைக்கும். ஊர்ல அமாவாசைக்குப் படைப்பாங்க. இவரு அமாவாசைக்கு ஒண்ணு பிடிச்ச ஆளா?"

"கூடத்துலயே வைக்கலாமே?"

"கூடத்துல பிடிக்க என்னைக்கு உட்டேன், இன்னைக்கு உட?"

கண்ணகிக்குச் சிரிப்பு வந்தது. புடவை விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்களுக்கு முட்டி வலி. நான் வேணா மாடிக்கு எடுத்துகினு போய்ப் பத்தவைக்கிறேன் அக்கா."

பொன்னம்மாள் அவளையே பார்த்தாள். "மறுபடியும் அவர மாடிக்கு அனுப்பறியா?"

கண்ணகி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிகரெட் பெட்டியும் தீப்பெட்டியும் அவள் மடியில் வந்து விழுந்தன. "காத்துல அணைஞ்சா திரும்பப் பத்தவை. பாதியில மட்டும் உட்டுட்டு வந்துடாத."

கண்ணகி ஏழு நாள் தவறாமல் ஏறினாள். தொட்டி ஓரமாக, மணல் நிரப்பிய டம்ளரில் நட்டு, அது முழுசாக எரியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்து சீயக்காய் போட்டுக் கை கழுவினாலும் அன்றைக்கு மேற்கொண்டு பட்டைத் தொடமாட்டாள். வீட்டுக்குள் வாடை அறவே நின்றது.

எட்டாம் நாள் காலையில் பொன்னம்மாள் மகளைப் பார்க்க வந்தவாசிக்கு பஸ் ஏறினாள். மணி மூன்றரை ஆகியும் இருபது குஞ்சம் பாக்கி. ஒருநாள் தவறினால் என்ன ஆகிவிடும் என்று கண்ணகி தலை நிமிராமல் குஞ்சத்தை முடிந்துகொண்டிருந்தாள்.

கடைசி முடிச்சை இறுக்கும்போது ஜன்னல் பக்கமிருந்து வாடை வந்தது.

கீழே ஓடிப்போய்ப் பார்த்தாள். பொன்னம்மாள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

மேலே வந்து, புடவையை வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஜன்னலருகே போய் நின்றாள். அவரை மறுபடியும் தனியாக மாடிக்கு அனுப்ப மனசு வரவில்லை.

"இருங்கண்ணே," என்றாள். "நானும் வரேன்."

படியேறிப்போய்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து பத்தவைத்தாள். கீழே மணவாளனின் மொபெட் வந்து நின்றது. "கண்ணகி, ஜல்தியா எடுத்துகினு வாம்மா" என்று குரல் கேட்டது. மறுபடியும் கேட்டது.

சிகரெட் பாதிதான் எரிந்திருந்தது. காற்றுக்குத் தன் முந்தானையைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு, அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.