பட்டாணித் தோல்

கல்யாணமாகி ஆறு வருடத்தில் என் மனைவியிடம் 'நீ சொன்னதுதான் சரி' என்று நான் சொன்னது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. குடையை யார் கடைசியாக எடுத்தது என்பதற்குக்கூட அரைமணி நேரம் வாதாடுவேன். தோற்கிற மாதிரி தெரிந்தால் குரலை உயர்த்துவேன். அதுவும் எடுபடாவிட்டால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவேன். அவள் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணிய வீணாக்காம வெளிய வாங்க, நீங்களே ஜெயிச்சதா வச்சுக்கலாம்" என்பாள். அப்படி நான் ஜெயித்த சண்டைகள் ஏராளம்.

எனக்கு வேலை குழந்தை உணவுத் தொழிற்சாலையில். மசித்த காய்கறியும் பழமும் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் அடைபட்டு வரிசையாக வரும். ஒவ்வொரு மூடியின் நடுவிலும் காசளவுக்கு ஒரு குமிழ் இருக்கும். காற்றுப் புகாமல் மூடியிருந்தால் குமிழ் உள்ளே இறங்கி இருக்கும், அமுக்கினால் அசையாது. அமுக்கும்போது 'டிக்' என்றால் அந்தப் பாட்டில் குப்பைக்கு. பதினோரு வருடமாக இதைத்தான் கட்டை விரலால் பார்த்துவருகிறேன். அங்கே என் பெயரே 'மூடிக்காரர்'.

மகள் பிறந்தாள். சுண்டு விரல் அளவுதான் இருக்கிறாள் என்று நர்ஸ் கேலி செய்ததில் சுண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆறு மாதம் முடிந்து அவளுக்குத் திட உணவு கொடுக்க ஆரம்பித்த அன்றைக்கே வீட்டில் சண்டையும் ஆரம்பித்தது.

"எப்போ செஞ்சாங்கன்னே தெரியாத சாப்பாட்ட என் பொண்ணுக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"எப்போ செஞ்சாங்கன்னு மூடியிலயே அடிச்சிருக்கு. உன் சட்டியில தேதி இருக்கா?"

"என் சட்டியில நான் இருக்கேன்ல."

அன்றைக்கும் குளிக்கப் போனேன்.

அவள் கேரட்டையும் பட்டாணியையும் குழைய வேகவைத்து, டீ வடிகட்டியில் போட்டு ஸ்பூனால் தேய்த்து இறக்குவாள். வடிகட்டியின் ஒரு ஓரத்தில் கம்பி விட்டுப்போயிருந்தது. அந்த வழியாகப் பட்டாணித் தோல் நழுவி விழும். சுண்டுவின் கழுத்துத் துணியில் பச்சையாக ஒட்டியிருக்கும் தோலை எடுத்து என் மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டி, "எங்க மெஷின்ல இது வராது" என்பேன். புது வடிகட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம். குற்றம் சொல்ல ஒரு சாக்கு கையில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் குமிழ எப்படி உள்ள இழுக்க வைக்கிறாங்க?"

நான் தலைகால் புரியாமல் ஆரம்பித்தேன். "ஒரு வித்தையும் இல்ல. கொதிக்கக் கொதிக்க நிரப்பி உடனே மூடணும். ஆறும்போது தானா உள்ள இழுத்துக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. அதற்கப்புறம் மூடிய பாட்டில்களை ஆவிக் கொப்பரையில் அழுத்தத்தில் வைத்து ஒரு மணி நேரம் வேகவைப்போம். கிருமி சாவது அங்கேதான். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை. கொப்பரை வேறு பிரிவு, எனக்கும் மூடிக்கும்தான் பேச்சு.

அவள் மறுபடி தையல் யூனிட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சுண்டுவைக் காப்பகத்தில் விட்டோம். அங்கே ஒரு சட்டம்: வீட்டுச் சாப்பாடு வாங்க மாட்டார்கள். மூடி திறக்காத கடைப் பாட்டில் மட்டும்தான். காப்பக டீச்சர் ஒவ்வொரு மூடியையும் அமுக்கிப் பார்த்துத்தான் உள்ளே எடுப்பார். எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஆடலாம் போலிருந்தது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதம் ஒரு பெட்டி பாட்டில் நான் கொண்டுவந்து சமையலறை அலமாரியில் அடுக்குவேன், பழைய தேதி முன்னால், புதுத் தேதி பின்னால். பாட்டில்கள் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தன. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நல்ல வெயில் காலம் அது.

ஒரு சனிக்கிழமை அவளுக்கு ஓவர்டைம். நான் ஃப்ரிட்ஜை அணைத்துப் பனிக்கட்டியைக் கரைத்துச் சுத்தம் செய்தேன். கீழ்த்தட்டில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நாலு பாட்டில். மூடிய பாட்டிலை யாராவது ஃப்ரிட்ஜில் வைப்பார்களா? இத்தனை சொல்லியும் இவளுக்கு மண்டையில் ஏறவில்லையே என்று சிரித்துக்கொண்டேன். நாலையும் அமுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. தேதி பார்த்தேன். அடுத்த வருடம் வரை இருந்தது, ஆனால் அலமாரியில் இருப்பதைவிடப் பழைய தேதி. அதனால் அலமாரியின் முன்வரிசையில் வைத்தேன். சாயங்காலம் அவள் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். சற்று நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடிவிட்டாள். எதுவும் கேட்கவில்லை.

திங்களும் செவ்வாயும் பெயின்ட் அடிக்கக் காப்பகத்துக்கு விடுமுறை. திங்கள் அவள் லீவு போட்டாள், செவ்வாய் நான். செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பும்போதே எனக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் போனாள்.

"கிண்ணத்துல மசிச்சு வச்சிருக்கேன். பன்னெண்டு மணிக்கு லேசா சூடு பண்ணி ஊட்டுங்க. மறந்துராதீங்க."

மறக்கவில்லை. மதியம் கிண்ணத்தை எடுத்துச் சூடு பண்ணி நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சுண்டுவுக்கு அலமாரியின் முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தேன். என் பெண் பாட்டில் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுவதை ஒருநாள் நான் கண்ணால் பார்க்க வேண்டும், சாயங்காலம் என் மனைவியிடம் அதைச் சொல்ல வேண்டும். வேறு காரணமே இல்லை.

திறக்கும்போது சூப்பர்வைசர் போனில் இருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேதியை மட்டும் பார்த்தேன், மூடியைத் திருகினேன். அமுக்கிப் பார்க்கவில்லை. ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில் அமுக்குகிற விரல் அன்றைக்கு அமுக்கவில்லை.

சுண்டு காலை உதைத்துக்கொண்டு சாப்பிட்டாள். முதல் வாய் போனதுமே அடுத்ததற்கு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனை என் கையோடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்குக் கழுத்து நிற்கவில்லை. அழுகைகூடப் பூனைக்குட்டி முனகுவது போல வந்தது. கண் இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, கடைசியாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். கெட்டுப்போன சாப்பாட்டின் விஷம் என்று சொன்னார். மருந்து கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுண்டு போய்விட்டாள். ஒன்பது மாதமும் நாலு நாளும்.

அவளைக் கொண்டுவந்து கிடத்தியிருந்த இடத்தில், சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

"கடைச் சாப்பாடு வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? கிண்ணத்துல வச்சுட்டுத்தானே போனேன்."

மச்சான் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, அந்தப் பாட்டிலையும் முன்வரிசையில் மிச்சம் இருந்த மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, லேப்பில் காட்டுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். கம்பெனியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் ஆத்திரம் எனக்கு. பரிசோதனைக் கூடத்து அக்கா என்னைவிட மூத்தவர், அங்கே எனக்கு முன்பிருந்தே வேலை பார்ப்பவர். பையை அவர் மேஜையில் வைத்தேன். நாளைக்கு வா என்றார். மறுநாள் போனபோது கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"தம்பி, இது நம்ம சரக்கு இல்லப்பா."

"நம்ம லேபிள்க்கா. நம்ம தேதி. நான்தான் பெட்டியோட கொண்டு போனேன்."

"பாட்டில் நம்மளுது. உள்ள இருக்கிறது இல்ல. மூடியில ரெண்டு தடவை திருகின தடம் இருக்கு. இதப் பாரு."

ஒரு வெள்ளைத் தட்டை என் பக்கம் தள்ளினார். அதில் ஆரஞ்சு நிற மசியலுக்கு நடுவே, நகத்துணுக்கு அளவில் பச்சையாக நாலைந்து கிடந்தன.

"பட்டாணித் தோல். நம்ம மெஷின்ல வராது. உனக்கே தெரியும்."

தெரியும். ஒரு ஓரம் கம்பி விட்டுப்போன டீ வடிகட்டியில் வரும். கொதிக்கக் கொதிக்க நிரப்பி உடனே மூடணும், அவ்வளவுதான் என்று நான் சொன்னது என் குரலிலேயே காதில் கேட்டது. டீச்சர் விரலை ஏமாற்ற நான் கற்றுக்கொடுத்த வித்தையைத்தான் அவள் செய்திருக்கிறாள். தன் கையால் சமைத்தது தன் பெண்ணின் வயிற்றுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. செய்ததை ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்தும் இருந்தாள். வெளியே எடுத்து வெயில் காலத்தில் மூன்று நாள் அலமாரியில் வைத்தது நான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றேன்.

"நான் யாருப்பா சொல்றதுக்கு" என்று தட்டை எடுத்துக் கழுவப் போனார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒரே யோசனை. வாழ்க்கையிலேயே மறுக்க முடியாத ஒரு ஆதாரம் என் கையில் இருக்கிறது. நான் கொடுத்தது கடைச் சாப்பாடு இல்லை. இதைச் சொன்னால் என் சட்டையை இனி யாரும் பிடிக்க முடியாது. ஆனால் அதற்கப்புறம் அவள் ஒருநாள்கூட உயிரோடு இருக்க மாட்டாள், அது எனக்கு நிச்சயம். என் மேல் கோபம் இருக்கிறவரைக்கும் அவள் எழுந்து நடமாடுவாள். அந்தக் கோபத்தை அவளிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வாய்க்குள்ளேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவள் சமையலறையில் காலி அலமாரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"லேப்ல என்ன சொன்னாங்க?"

"எங்க கம்பெனி தப்புதான். அந்த லாட்டே சரியில்லையாம்."

அவள் கை நின்றது.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன். "கடைச் சாப்பாடு குடுத்திருக்கக் கூடாது. நான்தான் கேக்கல."

அவள் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கண்ணை, வாயை, கையை எல்லாம் பார்த்தாள்.

"நீங்க கத்தலயே" என்றாள். "கம்பெனிக்காரன ஒரு வார்த்தை வையல. குளிக்கவும் போகல."

"இதுல என்ன கத்தறதுக்கு இருக்கு?"

"ஆறு வருஷத்துல ஒருநாள்கூட நீங்க இப்படிச் சொன்னதில்ல."

அந்த ஒரு நிமிடம் நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். வாதாடியே வயிறு வளர்த்தவனுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் துணியைக் கீழே போட்டாள். குந்தி உட்கார்ந்து, தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து, தரை துடைக்கிற துணிகளை ஒதுக்கினாள். பின்னால் கழுவிக் கவிழ்த்த பாட்டில்கள் ஆறு இருந்தன. பக்கத்தில் மூடிகள், குமிழ் மேலே எழும்பியபடி.

"இதுக்குள்ள இருந்த கம்பெனி சாப்பாட்ட நான்தான் யூனிட்டுல மதியம் சாப்பிட்டேன்" என்றாள் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே. "ஃப்ரிட்ஜுல நாலு வச்சிருந்தேன். சனிக்கிழமை காணோம். கேட்டா மாட்டிக்குவேன்னு கேக்கல. நீங்க தெரியாம ஊட்டிட்டீங்க போலன்னு நெனச்சேன். பரவால்ல, நான் செஞ்சதத்தானே சாப்பிட்டாள்னு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம் எனக்கு. எங்க எடுத்து வச்சீங்க?"

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் காட்டினேன். முன்வரிசை இருந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"அது தப்பு என்மேல" என்றேன். "வெளிய எடுத்தது நான். அமுக்கிப் பாக்காதது நான்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு நல்லா சாப்பிட்டாளா?"

"ஒரு ஸ்பூன்கூட மிச்சம் வைக்கல" என்றேன்.