நான்கு வரிசை ஊசித் துளை

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய கையேட்டில் ஒரு வரி இருந்தது. மனச்சிதைவின் முதல் அறிகுறி தெரிந்ததுமே நோயாளியின் வீட்டுக்கே போய்விடுங்கள், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் குணமாவதைக் கடினமாக்கும் என்று. நல்ல வரிதான். ஆனால் எழுதியவர்களுக்கு நம் தெருவைப் பற்றி என்ன தெரியும்? ‘மனநலப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய வண்டி ஒரு வாசலில் நின்றால் போதும், சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு கைநழுவிப் போய்விடும்.

அதனால் கையேட்டை உள்ளூருக்கு ஏற்றபடி மாற்றும் வேலையை மனநலப் பிரிவின் பெரிய டாக்டர் அங்கிருந்த நர்ஸின் தலையில் கட்டினார். அவளும் யோசித்து ஒரு பக்கம் எழுதினாள். வண்டி வேண்டாம், சீருடை வேண்டாம், குடும்பம் எப்படிச் சொல்லச் சொல்கிறதோ அப்படியே அறிமுகம் செய்துகொள்ளலாம். டாக்டர் அதைக் கூட்டத்தில் வாசித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். நர்ஸுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த முறைப்படி அவள் போன முதல் வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. மகனுக்கு இருபத்தொரு வயது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் அங்கே அவனுக்குக் கழுகு என்று பெயர். இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை, ஜன்னலைத் திறப்பதில்லை. காதில் யார் யாரோ பேசுகிறார்கள் என்றான். தபால்காரரும் சிலிண்டர் கொண்டு வருகிறவரும் நிஜ ஆட்கள் இல்லை, தன்னை வேவு பார்க்க வேஷம் போட்டு வருகிறவர்கள் என்றான்.

“துணி தைக்கக் கொடுக்க வந்தவங்கன்னு சொல்லிக்கலாம் சிஸ்டர்” என்றாள் அம்மாக்காரி. “பொண்ணுக்கு இப்பதான் ஒரு இடம் கூடி வருது. வெளிய தெரிஞ்சா எல்லாம் போச்சு.”

அப்போதாவது நர்ஸுக்கு உறைத்திருக்க வேண்டும். வேஷம் போட்டு வருகிறார்கள் என்று நடுங்குகிறவன் வீட்டுக்கு, வேஷம் போட்டுக்கொண்டே போகிறோமே என்று. உறைக்கவில்லை. தான் எழுதிய பக்கத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு மயக்கம்.

வாரம் ஒரு முறை ஒரு பச்சைச் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு வாரம் இடுப்பை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள், மறுவாரம் தளர்த்தி விடச் சொன்னாள். தையல் மெஷின் ஓடும் நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும் நேரம். முதல் வாரம் அவன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். மூன்றாம் வாரம் வெளியே வந்து முக்காலியில் உட்கார்ந்தான். நான்காம் வாரம் அவனாகவே பேச்செடுத்தான்.

“அக்கா, டாக்டர்கிட்ட போனா இந்தச் சத்தமெல்லாம் நிக்குமா?”

இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை நடையும்!

“கண்டிப்பா குறையும் தம்பி. நல்ல டாக்டர் இருக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரு?”

மெஷின் நின்றது. அம்மாக்காரி அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் கூப்பினாள். உள்ளறையில் மகள் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.

“நானா? துணி கொடுக்க வந்தவ, அவ்வளவுதான்” என்றாள் நர்ஸ்.

அவன் எழுந்து மெஷினிலிருந்து சட்டையை உருவி, உள்பக்கத்தைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

“இந்த ஓரத்துல நாலு வரிசை ஊசித் துளை இருக்கு. நாலு வாரமா ஒரே சட்டை. பிடிக்கிறது, விடுறது, பிடிக்கிறது, விடுறது. உங்க உடம்பு என்ன வாராவாரம் ஏறி இறங்குதா?” பிறகு தாயைப் பார்த்தான். “அம்மா, நீ எப்போ அவங்களோட சேர்ந்த?”

அதற்குப் பிறகு அவன் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டை விட்டுப் போய்விட்டான். அந்தக் கல்யாணம் மட்டும் ஜாம்ஜாமென்று நடந்தது.

ஏழு மாதம் கழித்துப் போலீஸ்காரர்கள் அவன் கைகளைக் கட்டிக் கொண்டுவந்து மனநலப் பிரிவில் விட்டார்கள். கால் முழுக்கப் புண், ஆள் பாதியாகியிருந்தான். புதிதாக வந்த சின்ன டாக்டர் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். தவறான நம்பிக்கைகள் என்ற கட்டத்தில் ஐந்தாவதாக எழுதினார்: ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி துணி தைக்கக் கொடுப்பதுபோல வந்து வேவு பார்த்தாள். அவர் தலைக்கு மேலே சுவரில் நர்ஸ் எழுதிய அந்தப் பக்கம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

ஊசித் தட்டோடு உள்ளே வந்த நர்ஸைப் பார்த்ததும் அவன் கத்தினான். “இவங்கதான்!”

“பாருங்க சிஸ்டர், உங்களையும் கதையில சேத்துட்டாரு” என்று சின்ன டாக்டர் சிரித்தார்.

இப்போதும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கால்களைப் பார்த்த பிறகு அவளால் முடியவில்லை.

“கதை இல்ல டாக்டர், நான்தான் போனேன். அந்த வரியை அடிச்சிடுங்க” என்றாள். தட்டை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தம்பி, நீ கண்டுபிடிச்சது நிஜம். உனக்கு உதவணும்னுதான் வந்தேன். ஆனா பொய் சொல்லிட்டு வந்தேன். தப்பு என்னோடது.”

அவன் முகம் சட்டென்று தெளிந்தது. கண்ணில் தண்ணீர் தளும்பியது.

“நான் பொய் சொல்லலன்னு நீங்களாவது சொன்னீங்களே அக்கா” என்றான். பிறகு அவள் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். “அப்போ தபால்காரரும் சிலிண்டர்காரரும் உங்க ஆளுங்கதானே?”

“இல்ல தம்பி. சத்தியமா இல்ல.”

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அச்சகத்தில் தாள்களைப் பார்த்த அதே பார்வை.

“துணி கொடுக்க வந்தவன்னு அன்னைக்குச் சொன்னப்பவும் உங்க முகம் இப்படியேதான் இருந்துச்சு” என்றான்.