கடைசி வளைவில் கைகாட்டியவள்

1952 பிப்ரவரி முதல் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் புதுக்கடைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பூங்கனி, அதே மூன்று மணிக்கு, நானூற்றைம்பது மைல் தள்ளிச் சென்னைக்கு வடக்கே நடந்த கார் பந்தயத்தின் கடைசி வளைவிலும் நின்று கைகாட்டினாள். சந்தையில் அவளைக் கண்டவர்கள் பதினோரு பேர். பந்தயத்தில் கண்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். இப்படியொரு பெண் அப்போதைய ராஜ்ய எல்லையைத் தாண்டியதாக ஆரல்வாய்மொழி செக்போஸ்டில் மட்டும் தகவல் இல்லை. கிழங்கு அன்று கொஞ்சம் விலை ஏறியிருந்தது.

அவள் கைகாட்டியது பகவதியப்பனின் காருக்கு. எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தான். முடிவுக் கோட்டுக்கு இருநூறு கஜம்கூட இல்லை. அவள் தோளில் துண்டில் பொதிந்த குழந்தை கிடந்தது. பகவதியப்பன் வண்டியை நிறுத்திப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்து, வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுமா என்று கேட்டாள். அதற்குள் நான்கு கார்கள் கடந்து போய்விட்டன. கோட்டைத் தாண்டியபோது பக்கத்தில் யாரும் இல்லை. தொட்டுப் பார்த்தான். இருக்கை காய்ச்சல்காரன் நெற்றிபோலக் கொதித்தது.

புதுக்கடைக்காரர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன் பகவதியப்பன் அந்த ஊரில் பஸ் ஓட்டினான். போட்டிக் கம்பெனி பஸ் சுயம்புலிங்கத்தின் கையில். இரண்டும் காலை ஏழு மணிக்குக் கிளம்பும். மார்த்தாண்டத்துக்கு எது முதலில் போய்ச் சேருமென்று பார்க்கவே டீக்கடைகளில் கூட்டம் நிற்கும். ஒரு நாள் சுயம்புலிங்கம் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தபோது, ஊரைத் தாண்டிய முதல் வளைவில் பூங்கனி காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கைகாட்டினாள். பகவதியப்பன் நிற்கவில்லை. அவனை விட்டுவிடக்கூடாதென்று சுயம்புலிங்கமும் நிற்கவில்லை. அடுத்த பஸ் வர ஒரு மணி நேரமாயிற்று. பிள்ளை அதுவரை இருக்கவில்லை. அன்று மார்த்தாண்டத்தில் ஜெயித்தது பகவதியப்பன்தான். அவளைக் கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். கவனித்திருந்தான். அதன்பிறகு பஸ் ஓட்டக் கை வராமல் வீட்டில் கிடந்தவனைத்தான், இந்தக் கையை வீணாக்கக்கூடாதென்று ரப்பர் எஸ்டேட் முதலாளி ஜேசுதாஸ் தன் பந்தயக் காருக்குக் கூட்டிப் போனார்.

அவனைப் போல வளைவில் வண்டியைத் திருப்ப அந்த மைதானத்தில் ஆள் கிடையாது. அடுத்த வருஷமும் அவன்தான் முன்னால் வந்தான். அடுத்த வருஷமும் அவள் கைகாட்டினாள். 1954இல் முதலாளி வளைவில் காவலுக்கு இரண்டு பேரை நிறுத்தினார். அவள் அவர்களுக்கு நடுவில் நின்று கைகாட்டினாள். அவள் ஏறும்வரை காவல்காரர்களில் ஒருவர் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டார். 1955இல் முதலாளி பக்கத்து இருக்கையையே கழற்றிவிட்டார். அவள் வெறும் தகரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரங்களில் புதுக்கடைச் சந்தையில் பூங்கனியின் வலது கை ஒன்றரை நிமிஷம் உயர்ந்தே நிற்கும். கிழங்கு வாங்க வந்தவர்கள் அது இறங்கும்வரை காத்திருப்பார்கள்.

ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் பகவதியப்பன் மன்னிப்புக் கேட்கத்தான் சந்தைக்குப் போவான். கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவான். ஜெயிக்க வேண்டுமென்ற ஆசையும் அவனுக்குச் சின்ன ஆசையில்லை. வாழ்க்கையில் ஜெயித்தது அந்த ஒரு காலை மட்டும் என்று இருந்துவிடக்கூடாதே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். 1956 பந்தயத்துக்குப் புறப்படும் முன்தினம் பூங்கனியே அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் வேணும்னு வரல்ல. கை தன்னால மேல போவுது. இந்த வருஷம் எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லி கெட்டிப் போடுதேன். நீங்க ஜெயிச்சிருங்க."

சொன்னபடியே கடைக் கம்பத்தோடு சேர்த்துத் தாம்புக் கயிற்றால் கையைக் கட்டிக்கொண்டாள். மணி மூன்றானபோது கயிறு இறுகியது, அறவில்லை. மைதானத்தில் கடைசி வளைவு வெறுமையாகக் கிடந்தது. பகவதியப்பனுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேறு கார் இல்லை. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். வளைவுக்கு வந்ததும் பகவதியப்பன் வண்டியை நிறுத்தினான். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றரை நிமிஷம். ஒவ்வொன்றாக எல்லாக் கார்களும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் புறப்பட்டான். அந்த வருஷம் அவன்தான் கடைசி.

ஊருக்கு வந்ததும் சந்தைக்குப் போனான். பூங்கனியின் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இன்னும் ஆறவில்லை. நான் வரலியே, பிறகு ஏன் நின்றீர்கள் என்று கேட்டு அழுதாள்.

"கை காட்டினாத்தான் நிக்கணும்னு உண்டா மக்கா? அண்ணைக்கு நான் உன்னப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்" என்றான் பகவதியப்பன்.

பூங்கனி கிழங்கை நிறுத்துக் கொடுத்தாள்.

முதலாளி காரை விற்றுவிட்டார். அந்த நவம்பரில் புதுக்கடை இருந்த மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆரல்வாய்மொழி செக்போஸ்டை எடுத்துவிட்டார்கள். பகவதியப்பன் பழைய பஸ்ஸுக்கே திரும்பினான். ஊரைத் தாண்டிய முதல் வளைவில், ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும், பஸ்ஸை ஒன்றரை நிமிஷம் நிறுத்துவான். சுயம்புலிங்கமும் பின்னால் வந்து நிறுத்திக் காத்திருப்பான். அங்கிருந்து முன் இருக்கை கொதிக்கத் தொடங்கும். தெரிந்தவர்கள் அதில் உட்காருவதில்லை. தெரியாமல் உட்காரும் வெளியூர்க்காரர்களைக் கண்டக்டர் எழுப்பிப் பின்னால் அனுப்புவார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றதும் இருக்கை ஆறிவிடும்.