பசையில் ஒட்டிக்கொண்ட மூன்றாம் கேள்வி

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு தேவலையா? முட்டி வலிக்காரர்கள் முதுகுக்கு ஒரு தலையணையைக் கொடுத்துச் சாய்ந்துகொள்ளுங்கள். இருமல்காரர்கள் வெந்நீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை பெரிதில்லை. டீச்சர் வேலைக்குப் படிக்கப் போன ஒருத்தியின் கதை.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வருஷம் மருந்துக் கடைக் கவுண்டரில் நின்றவள். சிவப்பு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒரே ஆள் நாலு தடவை கேட்டாலும், முகம் சுளிக்காமல் ஐந்தாவது தடவையும் சொல்வாள். ஒருநாள் கடை முதலாளி, "நீ டீச்சரா போயிருக்கணும்மா, இங்க வந்து மாட்டிக்கிட்டே" என்று விளையாட்டுக்குச் சொல்லிவைத்தார். மனுஷர் சொன்னதை அன்று மத்தியானமே மறந்திருப்பார். அது இவள் மனதில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

லிஃப்ட் பழுது பார்க்கிற கணவரும் பதிமூன்று வயது மகளும் சரி என்று தலையாட்ட, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கடைசிக் கட்டமாக ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு வாரம் பாடம் நடத்த வேண்டும். நாலாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். வகுப்பு ஆசிரியைக்கு இருபத்தாறு வயதுதான். இவளை "அக்கா" என்று கூப்பிடுவாள். யார் எவ்வளவு டீச்சர் என்ற கணக்கைப் பிள்ளைகள் முதல் நாளே தீர்த்துவிட்டார்கள். வாயை மூடவே தெரியாததால் 'வானொலி' என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெண் எழுந்து நின்று அறிவித்தது:

"அவங்க முழு டீச்சர். நீங்க இன்னும் படிக்கிறீங்கல்ல? அதனால நீங்க அரை டீச்சர்."

அன்றிலிருந்து அரை டீச்சர்தான். அவளும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் மூன்று தடவை வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். மூன்றில் இரண்டு தேற வேண்டும். முதல் தடவை ஒரே பதற்றம், சுவரில் மாட்டிய படம் கழன்று அவள் தலையிலேயே விழுந்தது. தோல்வி. இரண்டாவது எப்படியோ தேறிவிட்டது. மூன்றாவதுதான் முடிவு சொல்லும். அதிலும் தோற்றால் முழு வருஷத்தையும் மறுபடி படிக்க வேண்டும். படிக்கலாம்தான். ஆனால் மறுபடி படிக்கும் தெம்பு தனக்கு இருக்காது, பேசாமல் பழையபடி கவுண்டருக்கே போய்விடுவோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இந்த வேலையில் அவள் பார்த்த அதிசயங்கள் கொஞ்சமில்லை. பாடம் நடத்துவதுதான் டீச்சர் வேலை என்று நினைத்து வந்தவள். வகுப்பு ஆசிரியையின் மேஜையில் வருகைப் பதிவேடு, தாமதப் பதிவேடு, உயரம் எடைப் பதிவேடு, பெற்றோர் வந்துபோன பதிவேடு, நோட்டு திருத்திய பதிவேடு என்று அடுக்கு நிமிர்ந்து நின்றது. இத்தனை பதிவேடுகளும் இருக்கின்றன என்று எழுதிவைக்கத் தனியாக ஒரு பதிவேடு.

"நீங்க காலையிலேருந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலையே டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"குடிச்சா போகணும்கா. போனா அந்தக் கோடிக்குப் போகணும். நான் திரும்பி வர்றதுக்குள்ள இங்க ரெண்டு பேருக்குப் பல்லு விழுந்திருக்கும்."

"கல்லூரியில இதெல்லாம் சொல்லித் தரலையே!"

"அங்க என்ன சொல்லித் தந்தாங்க?"

"குழந்தையோட கேள்விக்குக் காது கொடுக்கணும்னு ரெண்டு மணி நேரம் ஒருத்தர் பேசினார். நடுவுல ஒரு கேள்வி கேட்க விடலை."

வகுப்பு ஆசிரியை சிரித்த சிரிப்பில் சிவப்பு மை சிந்தி, தாமதப் பதிவேட்டில் ஒரு வாரம் காணாமல் போனது.

நல்ல பெண் அவள். அந்த நல்ல மனசில்தான் வினையும் வந்தது. மூன்றாம் பாடத்துக்கு இரண்டு நாள் முன்னால் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அக்கா, ஒத்திகை பார்த்துடலாம்" என்றாள்.

"ஒத்திகையா? இது என்ன நாடகமா?"

"இங்க யார் பார்வையிட வந்தாலும் முந்தின நாள் ஒத்திகைதான். எல்லா வகுப்புலயும் செய்றதுதான். பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு பிள்ளைங்க, வரிசையா உட்கார வைக்கிறோம். முதல் கேள்விக்கு முதல் பிள்ளை, ரெண்டாவதுக்கு ரெண்டாவது. நீங்க கேட்கணும், அவங்க சொல்லணும். சார் தலையாட்டிட்டுப் போயிடுவார்."

"அவருக்குத் தெரியாதா?"

"அவர் போற எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான். தெரிஞ்சாலும் என்ன பண்ணுவார்? நீங்க பாஸாகணும்கா. நீங்க போயிட்டா இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு யாரு வருவாங்க?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். வீட்டில் போய்ச் சொன்னபோது மகள், "அம்மா, எங்க பள்ளிக்கூடத்துலயும் உண்டு. நான் போன வருஷம் ஏழாவது பதில்" என்றாள் பெருமையாக. கணவர் மட்டும், "லிஃப்ட்டை இப்படி ஒத்திகை பார்த்து ஓட்டினா நல்லா இருக்கும். நாலாவது மாடிக்கு அழுத்தினவன் நாலாவது மாடிக்கே போவான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். அவர் கேலி செய்தாரா, ஆதரித்தாரா என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பாடம், தண்ணீர் எப்படி ஆவியாகி மழையாகிறது என்பது. பிள்ளைகள் இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது பதில் வானொலிக்கு. 'ஆவியாதல்' என்ற ஒற்றைச் சொல். அது இடைவேளையில், கைகழுவும் இடத்தில், வாசல் வரை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தது. அரை டீச்சர் தன் பாடக்குறிப்பு நோட்டில் கேள்விகளைப் பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒன்றிரண்டாக எழுதி, நடுவில் அழகாக ஒரு குடைப் படத்தை வெட்டி ஒட்டினாள். பசையைக் கொஞ்சம் தாராளமாகவே தடவிவிட்டாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார். பெரிய உடம்பு. அன்று அவருக்கு அது இரண்டாவது பள்ளிக்கூடம், அடுத்து இன்னொன்று பாக்கி. பின் பெஞ்சில் முழங்கால் மோவாயைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, "ஆரம்பிங்க மேடம்" என்றார்.

"ஈரத் துணியைக் கொடியில போட்டா என்ன ஆகும்?"

"காஞ்சிடும் டீச்சர்!" என்றது முதல் பிள்ளை.

"அதுல இருந்த தண்ணி எங்க போச்சு?"

"காத்துல கலந்துடுச்சு டீச்சர்!"

பக்கத்தைத் திருப்பினாள். குடைப் படத்தின் பசை கசிந்து இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மூன்றாம் கேள்வி உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் கண்ணில் பட்டது நாலாம் கேள்வி.

"தண்ணியைச் சூடாக்குறது யாரு?"

வானொலி எழுந்தது. இதுவா தன் கேள்வி என்று ஒரு நொடி விழித்தது. ஆனால் முறை தன்னுடையது. நேற்று முழுக்கச் சொல்லிப் பார்த்ததை விட்டுக்கொடுக்க அதற்கு மனம் வருமா?

"ஆவியாதல் டீச்சர்!"

அரை டீச்சர் பதற்றத்தில் நோட்டைப் பார்த்து அடுத்ததைக் கேட்டாள். "மேல போன நீராவி குளிர்ந்தா என்ன ஆகும்?"

"சூரியன் டீச்சர்!"

"மேகத்துலேருந்து கீழ வர்றது என்ன?"

"மேகம் டீச்சர்!"

"மழை யாருக்கெல்லாம் வேணும்?"

"மழை டீச்சர்!"

"தண்ணியை வீணாக்குறது யாரு?"

"எல்லா உயிர்களும் டீச்சர்!"

ஜன்னலோரம் நின்ற வகுப்பு ஆசிரியை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. மேற்பார்வையாளரின் பேனா நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஏதோ சறுக்கிவிட்டது என்று புரிந்துவிட்டது. மிச்சமிருந்த ஐந்து பேரும் தங்கள் பதிலைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, பாவம், அவள் முகத்தையே பார்த்தார்கள். தாங்கள்தான் டீச்சரைக் கவிழ்த்துவிட்டோம் என்று வானொலிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் அரை டீச்சர் நோட்டை மூடி மேஜையில் வைத்தாள்.

"யாரும் தப்பா சொல்லலை. நான்தான் ஒரு கேள்வியை விட்டுட்டேன். தப்பு என்னோடது. சரி, என் கேள்வியெல்லாம் போதும். உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?"

ஒத்திகையில் பதிலே கொடுக்கப்படாத, மூலையில் உட்காரும் ஒரு பிள்ளை மெல்லக் கையைத் தூக்கியது.

"எங்க வீட்டுல ஒரே ரூம் டீச்சர். வெயிலே வராது. ஆனா துணி காயுதே. சூரியன் இல்லாம எப்படிக் காயும்?"

நோட்டில் இதற்கு இடமில்லை.

"நல்ல கேள்வி. எனக்கு டக்குனு சொல்லத் தெரியலை. இருங்க, பார்த்துடலாம்."

குடத்துத் தண்ணீரில் கையை நனைத்து, கரும்பலகையில் பளார் பளார் என்று இரண்டு கைத்தடம் பதித்தாள். "இந்த ரூம்ல வெயில் இருக்கா?"

"இல்ல டீச்சர்!"

"இந்தக் கையை அப்படியே விட்டுடுவோம். அந்தக் கைக்கு மட்டும் நோட்டால விசிறுங்க. எது முதல்ல காயும்?"

வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. முன்வரிசை நோட்டை எடுத்துக்கொண்டு ஓடியது, விசிறியது, இடித்துக்கொண்டது. "என் காத்தை மறைக்காதடா!" என்று வானொலி ஒரு பையனைத் தள்ளியது. நோட்டு எட்டாத உயரத்தில் விரல் நுனிகள் மட்டும் ஈரமாகவே நிற்க, பின்னாலிருந்து ஒரு பெரிய கை நீண்டு, மதிப்பெண் கோப்பாலேயே விசிறியது. மேற்பார்வையாளர்! எழுந்து எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

விசிறிவிட்ட கைத்தடம் மறைந்தது. சும்மா விட்ட தடம் இன்னும் பளபளத்தது.

"காத்து டீச்சர்! காத்துதான் தூக்கிட்டுப் போகுது!" என்று மூலைப் பிள்ளை கத்தியது. மணி அடித்தது.

ஆசிரியர் அறையில் மேற்பார்வையாளர் கோப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒத்திகை யாரோட ஏற்பாடு?"

"நான்தான் சார்" என்றாள் வகுப்பு ஆசிரியை.

"ஒத்துக்கிட்டது நான் சார்" என்றாள் இவள்.

"இந்தத் தாள்ல இருபது கட்டம் இருக்கு மேடம். குறிப்புப்படி பாடம் நடந்துச்சா? இல்ல. திட்டமிட்ட கேள்விகள் கேட்கப்பட்டுச்சா? இல்ல. இதுபடி பார்த்தா நீங்க ஃபெயில்."

அவள் தலையை ஆட்டினாள். கவுண்டரின் கண்ணாடிப் பலகை கண்ணுக்குள் வந்துபோனது.

"கடைசிப் பதினஞ்சு நிமிஷத்துக்குப் போடக் கட்டம் இல்ல. அது இந்தத் தாளோட குறை. உங்க மேல எப்படி எழுதுறது?" அவர் பேனாவை மூடினார். "ஒரு பாடத்தை ஒரே ஒரு தடவை திரும்ப நடத்த விதியில இடம் இருக்கு. நாளைக்கு மூணாவது பீரியட், கணக்கு. ஒத்திகை கூடாது. யார் எந்தப் பதில் சொன்னாலும் பரவாயில்ல."

அவர் போனதும் வகுப்பு ஆசிரியை விசும்பினாள். "உங்களை மாட்டிவிட்டுட்டேன்கா."

"அழாதீங்க டீச்சர். முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. போய்ட்டு வாங்க. நாற்பத்திரண்டையும் நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் காலையில் வானொலி தலைமையில் ஒரு கூட்டம் வந்து அவளை வளைத்துக்கொண்டது. "பதிலை மட்டும் சொல்லுங்க டீச்சர், யாருக்கும் சொல்ல மாட்டோம்." அவள் முடியாது என்றதும், "அப்போ நீங்க ஃபெயிலானா எங்களைக் கேட்கக் கூடாது" என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

கணக்குப் பாடம் ஓகோ என்று நடந்ததாகச் சொல்ல மாட்டேன். வகுத்தலில் பாதிப் பேர் மீதியை மறந்தார்கள். இரண்டு பேர் அழிரப்பருக்குச் சண்டை போட்டார்கள். நினைத்ததில் பாதிதான் முடிந்தது. ஆனால் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு பிள்ளையையும் பலகைக்குக் கூப்பிட்டு, "எப்படி வந்துச்சு, காட்டு" என்று கேட்டாள். ஒன்பது பேர் காட்டினார்கள். ஆறு பேர் காட்டும்போதே தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்று தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தேற வேண்டிய மதிப்பெண்ணுக்கு மேலே மூன்று. குறிப்புக் கட்டத்தில், 'பாடம் முடிக்கப்படவில்லை. மாணவர்கள் பயமின்றித் தவறு செய்கிறார்கள்' என்று எழுதியிருந்தார்.

உள்ளே திரும்பினாள். நாற்பத்திரண்டு முகமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"பாஸா டீச்சர்?"

"பாஸ்."

கூரை பிய்ந்துவிடும்போல ஒரு கத்தல். பக்கத்து வகுப்புக்காரர் சுவரைத் தட்டினார். அடங்கியதும் ஒரு குரல் கவலையாகக் கேட்டது: "நாங்க பாதிப் பேர் தப்பா சொன்னோமே, அப்புறம் எப்படி டீச்சர்?"

"அதனாலதான்" என்று சொல்லிவிட்டு, அரை டீச்சர் மீதம் கிடந்த வகுத்தலைப் பலகையில் எழுதத் திரும்பினாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது, கண் நிறைந்திருந்ததால்.

அவ்வளவுதான் கதை. நீங்கள் படித்த வகுப்பிலும் இந்த மாதிரி ஒத்திகை நடந்திருக்கும், இல்லையா? நீங்கள் எத்தனையாவது பதில்? எந்த இடத்தில் சறுக்கியது? டீச்சராக இருந்தவர்கள் யாராவது இருந்தால், உங்களைக் காப்பாற்றிய பிள்ளையைப் பற்றியும் கவிழ்த்த பிள்ளையைப் பற்றியும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆற அமர உட்கார்ந்து படிக்கிறேன்.